பழைய ஸ்விஃப்டுக்குப் பெரிய சக்கரம்: அளவு பார்ப்பதில் தொடங்கி நட்டு முடுக்குவது வரை

எங்கள் வீட்டில் இருப்பது 2008-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட். அப்பா வாங்கிய கார். எஞ்சின் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கம்பெனி தந்த ஒல்லியான 165/80 ஆர்14 டயர்கள் மழை நாளில் பிரேக் அடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரத்தை மாற்றுவது என்று முடிவு செய்து, ஒரு தவறும் செய்து, பிறகு சரிசெய்தும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எண்கள் முதல் தலைமுறை ஸ்விஃப்டுக்கு உரியவை. முறை எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்று: பணம் குறைவாக இருந்தால் அதை டயருக்குச் செலவிடுங்கள், ரிம்முக்கு அல்ல. சாலையைப் பிடித்து நிற்பது ரப்பர்தான்.

1. முதலில் காரைச் சோதியுங்கள்

பதினைந்து ஆண்டு ஓடிய காரில் சக்கரத்தைத் தாங்கும் புஷ், பால் ஜாயின்ட், பேரிங் எல்லாம் தேய்ந்திருக்கும். அவற்றை அப்படியே விட்டுப் புது டயர் போட்டால், சில மாதங்களில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து பணம் வீணாகும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். முன்சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங் டை ராட் முனை. முதலில் அதைப் பழுது பார்க்க வேண்டும்.

2. டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

165/80 ஆர்14 என்பதில் 165 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்கு இதுதான். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. பதினான்கு அங்குலம் 355.6 மி.மீ. ஆக மொத்த விட்டம் 619.6 மி.மீ.

இந்த 619.6 என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிம் பெரிதாகலாம், டயர் அகலமாகலாம், ஆனால் மொத்த விட்டம் இதிலிருந்து அதிகம் விலகக் கூடாது. விலகினால் வேகமானி பொய் சொல்லும், கியர் விகிதம் மாறியது போல வண்டி இழுக்கும், டயர் மட்கார்டில் உரசும். ஒன்றரை சதவீதத்துக்குள் இருப்பதே என் வரம்பு.

ஸ்விஃப்டுக்குக் கடைகளில் சொல்லும் அளவுகளை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 185/70 ஆர்14 என்றால் 614.6 மி.மீ. அந்தக் காலத்தில் கம்பெனியே உயர்ந்த வகை ஸ்விஃப்டுக்குத் தந்த அளவு இது. 185/65 ஆர்15 என்றால் 621.5. இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டின் உயர்ந்த வகையில் வந்தது. 195/55 ஆர்16 என்றால் 620.9. கணக்கு பொருந்துகிறது, ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ. மட்டுமே. பழைய 132 மி.மீ.க்குப் பதில் இது பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். நம் சாலைகளில் நான் அதைத் தொடமாட்டேன். 205/65 ஆர்15 போடச் சொல்பவர்களும் உண்டு. அது 647.5. நாலரை சதவீதம் அதிகம். முள் 80-இல் நிற்கும்போது வண்டி ஏறக்குறைய 84-இல் போய்க்கொண்டிருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது 185/65 ஆர்15. ரிம் வாங்கப் பணம் இல்லை என்றால் 185/70 ஆர்14 போதும். உங்கள் பழைய 14 அங்குல ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் பொருந்துமா என்று மட்டும் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கம்பெனி அனுமதித்த அளவிலேயே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அலாய் வீல் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

3. சுமையும் வயதும்

அளவுக்கு அடுத்து 85டி, 88எச் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை, எச் என்றால் 210. பழையதைவிடக் குறைந்த எண் வாங்காதீர்கள்.

பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் வெகுநாள் கிடந்த டயருக்குத் தள்ளுபடி தருவார்கள். மறுத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள்.

4. ரிம்மில் பார்க்க வேண்டியவை

இங்கேதான் நான் தவறினேன். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

பி.சி.டி. என்பது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு நான்கு துளை, 100 மி.மீ. நான்கு துளை ரிம்மில் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தாலே தெரிந்துவிடும். மாருதி 800-இல் இது 114.3. பழைய ஃபியட்டுகளில் 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 98 ரிம்மை 100-இல் வைத்து முடுக்குவோர் இருக்கிறார்கள். நட்டு சாய்ந்து உட்காரும், ஓட்டத்தில் தளரும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்தது ஆஃப்செட். ரிம் காரோடு ஒட்டும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது அது. ரிம்மின் பின்பக்கத்தில் ஈ.டி. 45, ஈ.டி. 38 என்று வார்த்திருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். உதாரணத்துக்கு, 5ஜே (5 அங்குலம்) அகலமுள்ள ஈ.டி. 45 ரிம்மை எடுத்துவிட்டு 6ஜே, ஈ.டி. 38 போட்டால், வெளி விளிம்பு ஏறக்குறைய 20 மி.மீ. வெளியே வரும். உள் விளிம்பு 6 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும். பழைய ரிம்மைத் திருப்பிப் பார்த்து அதன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

மூன்றாவது நடுத்துளை. அது ஹப்பின் மேல், அதாவது சக்கரம் மாட்டப்படும் காரின் மையப் பகுதியின் மேல் உட்காரும். ஸ்விஃப்ட் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் எல்லாக் காருக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1 அல்லது 73.1 மி.மீ. துளையோடு வரும். நான் முதலில் வாங்கிய பழைய அலாய்களில் 67.1. கடைக்காரர் அப்படியே மாட்டித் தந்தார். எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. இரண்டு முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தும் போகவில்லை. ஒரு மாலையில் சக்கரத்தைக் கழற்றி மீண்டும் ஹப்பில் வைத்துப் பார்த்தபோது, துளையைச் சுற்றி விரல் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தது. சக்கரம் மையத்தில் உட்காரவே இல்லை. இடைவெளியை அடைக்கும் ஹப் வளையம், வெளிவிட்டம் 67.1, உள்விட்டம் 54.1, நான்கு வாங்கிப் போட்டேன். நடுக்கம் அன்றே நின்றது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டின் கம்பெனி 15 அங்குல அலாய்களைத் தேடுங்கள். பி.சி.டி.யும் நடுத்துளையும் அதேதான். விரிசல், வளைவு, வெல்டிங் தடம் இல்லாமல் இருக்க வேண்டும். வேறு தயாரிப்பு என்றால் ஜே.டபிள்யூ.எல். (அலாய் ரிம்முக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ளதையே எடுங்கள்.

நட்டும் முக்கியம். சுசூகிக்கு 12 மி.மீ., 1.25 பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம், மி.மீ.-இல்). ஹூண்டாயின் 1.5 பிட்ச் நட்டு இரண்டு சுற்று போய் இறுகிவிடும், பலவந்தமாக முடுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) கெடும். நட்டின் முனைச் சரிவும் அலாய் துளையின் சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. மாட்டுதல்

டயரை ரிம்மில் ஏற்றுவதும் பேலன்சிங்கும் கடை வேலை. வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காரில் மாட்டுவதை நீங்களே செய்யலாம்.

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலும் வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் தூக்கும்போது கியரும், முன்சக்கரத்துக்கு இருபுறமும் வைத்த கல்லும்தான் காரை நிறுத்தும். தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை, கால் விடாதீர்கள்.

பழைய சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்தைப் பாருங்கள். செம்பழுப்புத் துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேய்த்துத் துணியால் துடையுங்கள். ஒரு செதில் இடையில் மாட்டினால்கூடச் சக்கரம் கோணலாக உட்காரும். ஸ்டட் மரையில் கிரீஸ் தடவ வேண்டாம்.

ஹப் வளையத்தை வைத்து, சக்கரத்தை ஏற்றி, நான்கு நட்டுகளையும் விரலால் மட்டும் திருகுங்கள். நட்டு ஐந்தாறு சுற்று தடையில்லாமல் ஓட வேண்டும். தொடக்கத்திலேயே இறுகினால் நிறுத்துங்கள், மரை மாறி ஏறுகிறது. பிறகு எதிரெதிராக முடுக்கி, காரை இறக்கி, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 85 நியூட்டன் மீட்டருக்கு முடியுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால், 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 35 கிலோ அழுத்தம் கொடுப்பதற்கு அது சமம். காலால் மிதிக்கத் தேவையே இல்லை.

6. உரசல் சோதனை

முதலில் ஒரு முன்சக்கரம் மட்டும் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நான்கும் மாட்டிய பின் டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேகத்தடை உள்ள தெருவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். மட்கார்டின் உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அங்கே உரசுகிறது. அளவு தவறு, திருப்பிக் கொடுங்கள். மட்கார்டைத் தட்டி வளைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

7. அதற்குப் பிறகு

அன்றே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யுங்கள். காற்று, ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் காட்டியபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது. புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும் என்பதால் முதல் 200 கி.மீ. அடக்கி ஓட்டுங்கள். இரண்டு டயர் மட்டுமே வாங்க முடிந்தது என்றால் அவற்றைப் பின்பக்கம் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டெப்னி பழைய 14 அங்குலமாகவே இருக்கலாம், விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அலாய் நட்டுகள் அந்த இரும்பு ரிம்மிலும் சரியாக உட்காருமா என்று வீட்டிலேயே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய நட்டுகள் நான்கை டிக்கியில் போட்டு வையுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் பதினாறு நட்டுகளையும் மீண்டும் 85-இல் சோதியுங்கள். என் காரில் இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று போயின.