கதை நடுவே கை வைக்காதீர்கள்: குன்னூரில் ஆங்கிலம் பழகும் நண்பர்களுக்கு

மார்ச் பிறந்து ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்துக்கு மாறத் தொடங்கினால் எங்கள் குழுவில் ஆள் கூடிவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். அதற்குள் நாலு வார்த்தை ஆங்கிலம் வாயில் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். ஜீப் ஓட்டுபவர், தங்கும் விடுதியில் சமைப்பவர், தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். ஞாயிறு மாலை குன்னூரில் கூடி, அந்த வாரம் வீட்டில் நடந்ததையும் போய்வந்த இடத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. பாடப் புத்தகம், வாத்தியார், தேர்வு எதுவும் கிடையாது.

நாங்கள் தொடக்கத்தில் அடித்த கூத்துகளையே புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஹீ, ஷீ குழம்புவது, கடைசியில் வரும் எஸ் காணாமல் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பேசப் பேசக் குறையும். குறையாவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

ஊட்டியைப் பற்றிக் கட்டுரை வாசிப்பது

"இந்த வாரம் என்ன விசேஷம்?" என்று கேட்டால் "ஊட்டி இஸ் தி குயின் ஆஃப் ஹில்ஸ்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது, தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. எல்லாம் சரிதான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் இதே மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் படித்தது இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மலர்க் கண்காட்சிக்குப் போனீர்கள் என்றால், சேரிங்கிராஸில் பஸ் எவ்வளவு நேரம் நின்றது, கூட்டத்தில் யார் கை விட்டுப்போனது, திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டதா என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

பயணம் போகவில்லை, அதனால் சொல்ல ஒன்றுமில்லை

சீசனில் மலைக்காரர்கள் யார் ஊர் சுற்றுகிறார்கள்? மேலே ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டால் மேட்டுப்பாளையம் போய்வருவதே நமக்கு ஒரு பயணம். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்ததிலிருந்து, அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கிளம்பி வந்த உறவுக்காரர்களின் கதை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் கொடுத்துவிட்டு மலை முழுக்கத் தாகத்தோடு வந்த மாமாவின் கதை எங்கள் குழுவில் இன்னும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. எஸ்டேட் பாதையில் காட்டுமாடு நின்றுகொண்டு வழிவிடாததால் வேலைக்குத் தாமதமாகப் போனீர்களா? அதை மேலாளரிடம் எப்படிச் சொன்னீர்கள்? இது போதும், பத்து நிமிடம் பேசலாம்.

கதை நடுவில் திருத்துவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஒரு சீசனுக்கு முன்னால் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். விடுதிச் சமையலறையில் வேலை. விருந்தினர்கள் சமையலறை வாசலில் வந்து நின்று ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. முதல் சில வாரங்கள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஞாயிறு, தானே எழுந்து, மாமியாரை மலை ரயிலில் கூட்டிவந்த கதையை ஆரம்பித்தார்.

மேட்டுப்பாளையத்தில் காலை ரயில். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ரயில் ஊர்ந்து ஏறுகிறது. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிறார்கள். மாமியார் கையில் வர்க்கிப் பொட்டலம், நம்ம ஊர் மொறுமொறு பிஸ்கட். ஒரு குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓட, மாமியார் விடவில்லை. "மை மதர் இன் லா கெட் டவுன்..." என்று அக்கா கையை ஆட்டிக்கொண்டு சொல்கிறார். எங்களுக்கெல்லாம் முகத்தில் சிரிப்பு.

"அக்கா, காட் டவுன்." குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து. கோயம்புத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் முடித்துவிட்டு வந்த தம்பி.

"காட் டவுன்... அண்ட் தி ட்ரெயின்..."

"ட்ரெயினுக்கு காட் ஆஃப் வரும் அக்கா."

"காட் ஆஃப்... தி ட்ரெயின் இஸ் விசில்..."

"விசில்ட். பாஸ்ட் டென்ஸ்."

அக்கா ஒரு நிமிடம் நின்றார். "சரி, அவ்வளவுதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். "அட விடுங்க" என்றதோடு சரி. மாமியார் ரயிலில் ஏறினாரா, ஹில்குரோவிலேயே நின்றுவிட்டாரா, வர்க்கி என்ன ஆனது, இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு வாரமும் வந்து பேசாமல் இருந்தார். பிறகு வரவில்லை. அவர் கூட்டிவந்த தோழியும் நின்றுவிட்டார்.

தம்பி சொன்ன மூன்று திருத்தமும் இலக்கணப்படி சரி. அதில் எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் புது மொழியில் கதை சொல்கிறவர் மனதுக்குள் ஒரே நேரத்தில் பல வேலை நடக்கிறது. நடந்தது வரிசையாக நினைவுக்கு வர வேண்டும், அதற்குச் சொல் தேட வேண்டும், தேடிய சொல்லை வாய் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று முகத்தையும் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு ஏறும் லாரியை நடுவில் நிறுத்தச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. நின்ற இடத்திலிருந்து மறுபடி நகர்த்துவது லேசில்லை.

"அப்போது தவறை அப்படியே விட்டுவிடுவதா, அதுவே பழகிப்போகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விட வேண்டியதில்லை, கதை முடியும்வரை பொறுத்தால் போதும். எங்கள் குழுவில் இப்போது ஒருவர் கையில் துண்டுச் சீட்டு இருக்கும். கேட்கும்போது இரண்டே இரண்டு தவறை மட்டும் குறித்துக்கொள்வார். சொல்பவர் முடித்து, நாங்கள் சிரித்து, கேள்வி எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தச் சீட்டை அவரிடமே கொடுத்துவிடுவார். எல்லோர் முன்னாலும் படிப்பதில்லை.

இன்னொரு வழி, சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பது. "ஓ, ஷீ காட் ஆஃப் தி ட்ரெயின்? தென் வாட்?" என்று கேட்டிருந்தால் கதையும் ஓடியிருக்கும், சொல்லும் காதில் விழுந்திருக்கும். மொழி கற்பிப்பவர்கள் இதை ரீகாஸ்ட் என்கிறார்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இந்த முறைதான் என்றும், ஆனால் அதைக் கேட்டு மாணவர்கள் தங்கள் தவறைச் சரிசெய்துகொண்டது குறைவு என்றும் கண்டார்கள். காதில் விழுகிறது, தவறு சுட்டப்பட்டது என்பது உறைப்பதில்லை. அதனால்தான் சீட்டும் வேண்டும் என்கிறேன்.

ஒரே ஒரு விலக்கு: நிஜமாகவே புரியவில்லை என்றால் உடனே கேளுங்கள். போனது ரயிலா, மாமியாரா என்று தெரியவில்லையா? "ஹூ லெஃப்ட்?" என்று கேட்பதில் யார் மனமும் நோகாது. கதையில் ஆர்வம் இருப்பவர்தானே அப்படிக் கேட்பார்.

நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசும் நண்பர்கள் குழுவில் நிறையப் பேர். அவர்களுக்கு வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் தமிழ், மூன்றாவதாக ஆங்கிலம். அவர்களுடைய தமிழை யாரும் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தித் திருத்தியதில்லை. அது தானாகத்தான் வந்தது. ஆங்கிலம் என்றவுடன் மட்டும் எல்லோருக்கும் எப்படித்தான் வாத்தியார் வேடம் ஏறுகிறதோ!

எழுதி வைத்து ஒப்பிப்பது

முன்பு நோட்டு, இப்போது போன். தமிழில் தட்டினால் மெஷின் ஆங்கிலம் கொடுத்துவிடுகிறது; அதைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பையன் மசினகுடி போய்வந்ததை மளமளவென்று வாசித்தான். எங்களில் பாதிப் பேருக்கு அதில் வந்த சொற்களே தெரியாது. எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று ஒருவர் கேட்டதும் போனில் தேட ஆரம்பித்துவிட்டான். தயாரித்துக்கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சீட்டில் ஐந்தாறு சொல் மட்டும் இருக்கட்டும்: பஸ், யானை, இருட்டு, பஞ்சர், டீக்கடை. மீதியை வாயால் கட்டுங்கள். கோணலாக வந்தாலும் உங்களுடையது.

ஒரு முறை சொன்னதோடு விட்டுவிடுவது

ஒவ்வொரு வாரமும் புதுக் கதை வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. ஒரே கதையை ஆள் மாற்றி மூன்று பேரிடம் சொல்லுங்கள். முதல் ஆளிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, கடைசி ஆளிடம் இரண்டு. கீத் மாரிஸ் 1983இல் எழுதிய பயிற்சி இது. பிறகு மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். நேரம் குறையக் குறைய, சொல் தேடி நிற்கும் இடங்கள் குறைந்துகொண்டே வருவது உங்களுக்கே தெரியும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புது ஆளாக இருக்க வேண்டும், அது முக்கியம். ஏற்கனவே கேட்டவரிடம் சொன்னால் சொல்பவருக்கும் சுரத்து இருக்காது.

வெள்ளைக்காரர் உச்சரிப்பு

வேண்டாம். நிதானமாகப் பேசினால் போதும்.

ஐந்து நிமிடக் குரல் பதிவு

ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, கேட்டதாகச் சொல்வார்கள்.

பதிலுக்குக் கட்டைவிரல் அனுப்புவது

கோத்தகிரியில் கரடி பார்த்தேன் என்று ஒருவர் பதறிப்போய்ப் பேசி அனுப்புகிறார், கீழே வரிசையாக ஏழு கட்டைவிரல். ஒருவராவது "எங்கே? எவ்வளவு பக்கத்தில்?" என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூடாதா?