நாரி நோவோடு வயல் செய்கிறவர்களுக்கு

எனக்கு 52 வயது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிறேன். நாரி, அதாவது கீழ் முதுகு, நோகத் தொடங்கி ஆறு வருசம். 2009இல் இடுப்புக்குக் கீழே பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது ஊர்ந்து போய் முள்ளந்தண்டில் குத்துகிறது என்று நானே முடிவுகட்டி, பயத்தில் இரண்டு கிழமை பாயிலேயே கிடந்தேன். எழும்பியபோது நோ அப்படியே இருந்தது, கால்கள்தான் சோர்ந்துபோயிருந்தன. பிறகு எக்ஸ்ரே எடுத்தால், பீஸ் சதைக்குள் சும்மா கிடக்கிறது. எலும்புக்குக் கிட்டவும் இல்லை.

ஆகவே ஒருதரம் டொக்டரிடம் காட்டிப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் பீஸ் இருப்பதை முதலே சொல்லிவிடுங்கள். அந்த மெசின் பெரிய காந்தம், இரும்புத் துண்டை அசைத்துவிடும்.

அப்புறம் நடை. வாய்க்கால் கரையில் பத்து நிமிடத்தில் தொடங்கினேன், இப்போது அரை மணித்தியாலம். முதல் கிழமை நோகத்தான் செய்தது. ஆனால் எனக்குக் கேட்ட மருந்து அதுதான். விடிய எழும்பமுன், பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவேன், பத்துத் தரம். மகள் சிரிப்பாள், சிரிக்கட்டும். எழும்பும்போது நேரே நிமிராமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள்.

வயல் வேலையை விடமுடியாது, செய்கிற விதத்தை மாற்றலாம். பயிருக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் டாங்கியை நிலத்தில் இருந்து முதுகுக்கு ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியின் விளிம்பில் வைத்து, முதுகைக் கொடுத்து, இரண்டு பட்டியையும் மாட்டிக்கொண்டு எழும்புவேன். பாதிதான் நிரப்புவேன். இரண்டு நடை கூடும், பரவாயில்லை. 50 கிலோ உரப்பையைத் தனியே தூக்கி வீரம் காட்டும் வயது போய்விட்டது. ஒரு தலைப்பு மகன், ஒரு தலைப்பு நான். எனக்கு நாரி பிடிப்பது தூக்கும்போது அல்ல, தூக்கியபடி இடுப்பைத் திருப்பும்போதுதான். உடம்போடு காலையும் சேர்த்துத் திருப்புங்கள். களை பிடுங்கும்போது அரை மணிக்கு ஒருதரம் நிமிர்ந்து, வரம்பால் நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள்.

நொச்சி இலை ஒத்தடமோ, துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தலோ இருபது நிமிடம் சுகம் தரும். நோவெண்ணெயும் அப்படியே, தடவுகிற கையின் சுகம் பாதி. நோக்குளிசையில் மட்டும் கவனம். கடையில் வாங்கி மாதக்கணக்காகப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் படுத்தும் பாடு தெரிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பொறுத்துப் பார்க்கக்கூடாது. தொடையிடுக்கு விறைத்தால், சிறுநீர் போகாமல் நின்றால் அல்லது தெரியாமலே போனால், கால் பலமிழந்து இழுபட்டால், நடுச்சாமம் என்றாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோவோடு காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் நாள் கடத்தாமல் காட்டுங்கள்.