டியூபா நாற்காலி காலியாகிறதா? பிராஸ் துறைக்கு ஸ்காலர்ஷிப் மாணவரைத் தேடிச் சேர்க்கும் முறை

சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் உட்காரலாம், டியூபா என்ற பெரிய தாழ்சுருதி ஊதுகருவிக்கு ஒருவர்தான். ஹார்னுக்கு நான்கைந்து பேர், டிரம்பெட்டுக்கு மூன்று நான்கு பேர், டிராம்போனுக்கு மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் பாஸ் டிராம்போன். அமெரிக்க இசைக் கன்சர்வேட்டரியின் (இசைக் கல்லூரியின்) பிராஸ் துறைக்கு, அதாவது இந்த உலோக ஊதுகருவிகளின் துறைக்கு, மாணவர் தேடும் வேலை இந்தக் கணக்கில்தான் தொடங்க வேண்டும். வரும் மே மாதம் யார் படிப்பை முடிக்கிறார், செப்டம்பரில் எந்த நாற்காலி காலி, அதற்கடுத்த ஆண்டு எது காலியாகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாருடைய வாசிப்பையும் கேட்க உட்காருவது அதற்குப் பிறகுதான்.

எழுதாமல் உட்கார்ந்தால் நடப்பது இது. அபாரமாக வாசிக்கும் டிரம்பெட் மாணவர் ஒருவர் வருவார், எல்லோரும் சொக்கிப்போவார்கள், கையிலிருக்கும் பணம் அவருக்குப் போய்விடும். ஏற்கெனவே எட்டு டிரம்பெட் மாணவர்கள் இருப்பதால் அவருக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் முறை வர மாதக்கணக்காகும். டியூபா மாணவர் இல்லாததால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா என்று அமையும் குவின்டெட்டும் ஓடாது. பணமும் போய், அந்த மாணவருக்கும் நல்லது நடக்காது.

பிலடெல்பியாவின் கர்டிஸ் கல்விக்கூடம் 1924-இல் தொடங்கியது; 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் கோல்பர்ன் கன்சர்வேட்டரியில் கட்டணத்தோடு தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவருக்கு இல்லை. இவர்களோடு பணத்தில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். அங்கே இடம் மிகக் குறைவு. நீங்கள் கொடுக்கக்கூடியது வேறு: முதல் ஆண்டிலேயே ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலி, வாரம் தவறாமல் முதன்மை ஆசிரியரே எடுக்கும் ஒரு மணி நேரப் பாடம், பள்ளியின் சொந்தக் கருவி. இவற்றை எழுத்தில் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று டீனிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே

செப்டம்பரில் சேர வேண்டிய மாணவரை அதற்கு முந்தைய ஆண்டின் வசந்த காலத்திலேயே தேடத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும், அதாவது ஏறக்குறைய 16 மாதங்களுக்கு முன். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் 1-ஐ ஒட்டி முடியும், முதல் சுற்றுக்காக மாணவர் வாசித்து அனுப்பும் பதிவும் அதோடு சேர்ந்து வரும். நேரடி ஆடிஷன் (வாசித்துக் காட்டும் தேர்வு) ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். முடிவு ஏப்ரல் தொடக்கத்தில் வெளியாகும். இளநிலை மாணவர் பதில் சொல்ல வழக்கமான கெடு மே 1, முதுநிலைக்கு ஏப்ரல் 15. டிசம்பரில் விழித்துக்கொள்ளும் துறைக்கு, தானாக விண்ணப்பித்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராக்கள், மாநில அளவிலான மாணவர் பேண்டுகள், மிச்சிகனின் இன்டர்லோக்கன் கோடை முகாம், கார்னகி ஹால் 16 முதல் 19 வயதினருக்குக் கட்டணமில்லாமல் நடத்தும் தேசிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா ஆகியவை எல்லோரும் போகும் இடங்கள். போங்கள், ஆனால் அங்கே கண்ணில் படும் மாணவரை ஐந்தாறு பள்ளிகள் ஏற்கெனவே அழைத்திருக்கும்.

டியூபா, பாஸ் டிராம்போன் போன்ற தாழ்சுருதிக் கருவிகளுக்கு அரசுப் பள்ளி பேண்டு ஆசிரியர்கள்தான் உண்மையான வழிகாட்டிகள். டியூபாவை வீட்டில் வாங்கி வைத்திருக்கும் குடும்பம் அபூர்வம். பள்ளிக் கருவியில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். டிசம்பரில் சிகாகோவில் கூடும் மிட்வெஸ்ட் கிளினிக்குக்கு நாடெங்கிலுமிருந்து பேண்டு ஆசிரியர்கள் வருவார்கள். அவர்களிடம் “உங்கள் சிறந்த மாணவர் யார்?” என்று கேட்காதீர்கள். “சொல்லாமலே முதலில் வந்து தனியாகப் பயிற்சி செய்வது யார்?” என்று கேளுங்கள். கிடைக்கும் பெயர் பல நேரம் வேறாக இருக்கும். சால்வேஷன் ஆர்மி பேண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். நாகர்கோவில் பக்கம் இரட்சணிய சேனை என்று நம்மவர்கள் அறிந்த அதே அமைப்புதான். அங்கே சிறு வயதிலிருந்தே வாரந்தோறும் கூட்டாக ஊதிப் பழகியவர்களின் காது, பக்கத்தில் ஊதுபவரோடு தானாகவே சேர்ந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாணவர் 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்தத் தகவலும் பெற்றோரையும் சேர்த்தே போக வேண்டும். தனிச் செய்தி கூடாது. மாதிரிப் பாடத்தின்போது பெற்றோர் அறையில் இருக்கட்டும், இல்லையென்றால் கதவு திறந்திருக்கட்டும். இப்போது சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும் முதல் நாளே தெரிவியுங்கள். அவருக்குத் தெரியாமல் மாணவரை இழுக்கும் துறைக்கு அவர் அடுத்த மாணவரை அனுப்ப மாட்டார்.

பதிவைக் கேட்கும்போது

முதல் சுற்றைப் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டுக் கேளுங்கள். மூன்று பேர் கேட்கட்டும். அதில் ஒருவர் வேறு கருவிக்காரராக இருக்கட்டும். பேச்சுத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் மதிப்பெண்ணையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதி முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும்.

செல்போன் பதிவு ஏமாற்றும். போன் தானாகவே ஒலியைச் சமன்செய்துவிடுவதால் மெதுவாக வாசித்ததும் பலமாக வாசித்ததும் ஒரே அளவில் கேட்கும். மாணவர்களுக்கு முன்கூட்டியே குறிப்பு அனுப்புங்கள்: மைக் கருவியிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும், கருவியின் வாய் நேராக மைக்கைப் பார்க்க வேண்டாம், போன் தானாக ஒலியைச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடவும், ஒரு பகுதிக்குள் வெட்டி ஒட்டக் கூடாது. ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பதால் பின்னால் இருக்கும் சுவர் முக்கியம். திரைச்சீலையோ அலமாரித் துணியோ இருந்தால் ஒலி செத்துப்போகும். டியூபாவின் வாய் மேலே பார்க்கிறது. தாழ்வான கூரையுள்ள அறையில் எல்லா ஸ்வரமும் ஒன்றோடொன்று குழம்பிக் கேட்கும். அறையின் குற்றத்தை மாணவர் மேல் போடாதீர்கள்.

டிரம்பெட்டுக்கு ஹைடன் 1796-இல் எழுதிய கான்செர்ட்டோ, ஹார்னுக்கு மோட்சார்ட்டின் கான்செர்ட்டோ ஒன்று, டிராம்போனுக்கு டாவிடின் கான்செர்ட்டினோ, டியூபாவுக்கு 1954-இல் வந்த வான் வில்லியம்ஸின் கான்செர்ட்டோ என்று ஆடிஷன் பட்டியல் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விரல் வேகத்தை இவற்றில் தேட வேண்டாம். முதல் ஸ்வரம் எப்படிப் பிறக்கிறது, வாக்கியத்தின் கடைசி ஸ்வரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நாகஸ்வரத்தில் துத்துகாரம் என்போமே, அந்த நாக்கு வேலைதான் இங்கேயும் ஸ்வரத்தின் தலை. தலை தெளிவாக இருந்து வால் சிதைந்தால் மூச்சு போதவில்லை; தலையே இரண்டு தடவை தட்டிப் பிறந்தால் நாக்கும் மூச்சும் ஒன்றுசேரவில்லை.

டிரம்பெட்டில் இன்னொரு சோதனை. வால்வு என்பது விரலால் அழுத்தும் பொத்தான், அழுத்தினால் கூடுதல் குழாய் சேரும். கீழ் டி ஸ்வரத்துக்கு 1-ஆம் வால்வும் 3-ஆம் வால்வும் சேர்ந்து அழுந்தும். ஒவ்வொரு வால்வின் குழாயும் வால்வு எதையும் அழுத்தாத குழாயின் நீளத்துக்கு ஏற்ப அளந்து வைத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது கூடும் நீளம் போதாமல் சுருதி ஏறிவிடும். அதைச் சரிசெய்யத்தான் 3-ஆம் வால்வின் ஸ்லைடு, அதாவது இழுத்து நீட்டும் குழாய். வீடியோவில் மாணவரின் இடது மோதிர விரலைக் கவனியுங்கள். கீழ் டி வரும்போது ஸ்லைடு வெளியே போகிறதென்றால் அந்தப் பிள்ளை தன் காதால் வாசிக்கிறது. அசையவே இல்லையென்றால் ஸ்லைடு இறுகிப்போயிருக்கலாம், சொல்லிக்கொடுத்தவர் இல்லாமலும் இருக்கலாம். அப்போது நிராகரிக்காதீர்கள், நேரில் வரும்போது கேளுங்கள்.

முப்பது நிமிட மாதிரிப் பாடம்

எங்கள் கணக்கில் ஆடிஷனைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆடிஷனில் தெரிவது இத்தனை நாள் அந்த மாணவருக்குக் கிடைத்த ஆசிரியர், கருவி, வசதி எல்லாம் சேர்ந்த மொத்தம். மாதிரிப் பாடத்தில் தெரிவது இனிமேல் அவர் எங்கே போவார் என்பது. உதவித்தொகை இனிமேல் நடக்கப்போவதற்காகத் தருவது.

முதல் ஐந்து நிமிடம் நடு ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள், அவ்வளவுதான். பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். உதாரணமாக, நான்கு தாளத்துக்கு மூச்சை இழுத்து, கருவி இல்லாமல் அதே வாக்கியத்தை வெறும் காற்றாக ஊதிக் காட்டச் சொல்லுங்கள். காற்று எங்கே தடைபடுகிறதோ அதே இடத்தில்தான் கருவியிலும் ஸ்வரம் தடுமாறியிருக்கும். பெரும்பாலும் அது ஏறும் தாவலுக்குச் சற்று முன்னால். அந்த இடத்தில் காற்றை நிறுத்தாமல் கடந்து போகச் சொல்லிவிட்டு, உடனே கருவியில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒலி மாறும், அநேகமாக எல்லோருக்கும் மாறும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பேச்சை வேறு பக்கம் திருப்பி, பத்து நிமிடம் வேறொன்று வாசிக்கவைத்து, பிறகு பழைய வாக்கியத்துக்குத் திரும்புங்கள். நினைவூட்டாமலே அந்த மாற்றம் நிற்கிறதா? நின்றால் அதற்குத்தான் அதிக மதிப்பெண். நிற்காமல், “முன்பு வந்தது இப்போது வரவில்லையே, ஏன்?” என்று மாணவரே கேட்டாலும் ஏறக்குறைய அதே மதிப்பு.

உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸை எடுத்ததும் உதட்டைப் பாருங்கள். ஆழமான சிவப்பு வளையம் பதிந்திருந்தால், இடது கையால் கருவியை உதட்டோடு இழுத்து அழுத்துகிறார். அழுத்தம் உதட்டின் ரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் இருபது நிமிடத்தில் மேல் ஸ்தாயி மறைந்துவிடும். 17 வயதில் இதைத் திருத்திவிடலாம். மவுத்பீஸின் விளிம்பு உதட்டின் சிவந்த பகுதியிலேயே உட்கார்ந்திருந்தால் கதை வேறு. வைக்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூடப் பிடிக்கும். அந்தக் காலத்தில் அவரால் ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலியைத் தாங்க முடியாது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் குடும்பத்திடம் முன்பே சொல்லிவிட்டு எடுங்கள். பல் கம்பி போட்டிருக்கும் மாணவருக்குக் கம்பியைக் கழற்றிய பிறகு சில வாரங்கள் எல்லாம் ஆட்டம் காணும். அந்த வாரங்களில் ஆடிஷன் விழுந்தால் பழைய பதிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பணத்தைச் சொல்லும் முறை

நல்ல தேர்வும் இங்கேதான் கெட்டுப்போகிறது. பல தனியார் கன்சர்வேட்டரிகளில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டும். கணக்குக்காகக் கட்டணம் 54,000, தங்குவது, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் 24,000 என்று வைத்துக்கொள்வோம். “முழுக் கட்டண ஸ்காலர்ஷிப்” என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பம் எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடும். ஆண்டுக்கு 24,000, நான்கு ஆண்டுக்கு 96,000 டாலர் அவர்கள் கையிலிருந்து போகும் என்பது ஆகஸ்டில்தான் தெரியவரும்.

பாதிக் கட்டணம் என்றால் இன்னும் கவனம் தேவை. 27,000 டாலர் என்று தொகையாக எழுதினால் அது நான்கு ஆண்டும் அப்படியே நிற்கும். கட்டணமோ ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டில் ஏறக்குறைய 60,700 ஆகிவிடும். முதல் ஆண்டில் 27,000 கட்டிய குடும்பம் கடைசி ஆண்டில் 33,700 கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டில் மாணவர் படிப்பை விடுவதற்கு இது போதும். ஆகவே தொகையாக எழுதாமல் சதவீதமாக எழுதித்தர நிதி அலுவலகத்திடம் வாதாடுங்கள்.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: நான்கு ஆண்டுக்கும் குடும்பம் கட்ட வேண்டிய நிகரத் தொகை; ஸ்காலர்ஷிப் தொடர்வதற்கான மதிப்பெண் நிபந்தனை; உதட்டுக் காயத்தால் ஒரு பருவம் வாசிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்; வெளியிலிருந்து வேறு உதவி வந்தால் உங்கள் தொகை குறையுமா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கடிதங்களே அதிகம்.

வெளிநாட்டு மாணவர் என்றால் எஃப்-1 விசாவுக்கான ஐ-20 படிவத்தில் முதல் ஆண்டுச் செலவும் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அச்சாகும். தொகை முடிவாகாமல் அந்தப் படிவம் நகராது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தரும் உதவித்தொகை அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டது. எஃப்-1 மாணவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். கட்டணத்துக்குத் தரும் தொகைக்கு அந்தப் பிடித்தம் இல்லை. பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் கணக்குப் போடவிடாதீர்கள்.

பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: “நீங்கள் இரண்டாமிடத்தில் இருக்கிறீர்கள், ஒரு நாற்காலிதான் உண்டு, ஏப்ரல் 20-க்குள் நிலவரம் சொல்கிறோம்.” முதலாமவர் மே 1 வரை யோசிக்கலாம், அவரை அவசரப்படுத்துவது தவறு. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று ஏப்ரல் நடுவில் மரியாதையாகக் கேட்கலாம். வேறு பள்ளியில் சேர்வதாக உறுதி சொல்லிவிட்டவரை அதிகப் பணம் காட்டித் திருப்பாதீர்கள்.

சேர்ந்த பிறகு, செப்டம்பருக்கு முன்

அமெரிக்கப் பள்ளி பேண்டுகளில் டியூபா பெரும்பாலும் பி-பிளாட் சுருதியில் இருக்கும். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் வழக்கம் சி சுருதி டியூபா. இரண்டிலும் குழாயின் நீளம் வேறு, விரலமைப்பும் வேறு. பழைய கருவியில் வால்வே அழுத்தாமல் வந்த பி-பிளாட்டுக்குப் புதியதில் 1-ஆம் வால்வை அழுத்த வேண்டும். செப்டம்பரில் இந்தக் கருவியைக் கையில் கொடுத்து அதே வாரம் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை தவறான ஸ்வரங்களோடு தொடங்கும், தன்னம்பிக்கை குலையும். மே மாதத்திலேயே பள்ளியின் சி டியூபாவை இரவல் பத்திரம் எழுதி, காப்பீடு செய்து, கடினப் பெட்டியில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தினமும் இருபது நிமிடம் மெதுவான ஸ்கேல்கள் மட்டும் போதும். ஜூலையில் ஒரு முறை வீடியோவில் கேட்டு, 1, 3-ஆம் வால்வுகளைச் சேர்த்து அழுத்துவதற்குப் பதிலாக நான்காம் வால்வைப் பயன்படுத்துகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.