பனிக்கட்டி சாம்பலாகத் தெரிகிறதா?

அலாஸ்காக் கப்பல் பயணம் போய் வந்த வெள்ளவத்தை நண்பர் ஹப்பார்ட் பனியாற்றின் படங்களைக் காட்டினார். பனி எல்லாம் அழுக்கு வேட்டி நிறம்! தப்பு அவருடையதல்ல. இவ்வளவு வெள்ளையைக் கண்டால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

பனி உடைந்து விழுவதை எடுக்கச் சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேர 3 விநாடி ஆகும், அதற்குள் கதை முடிந்திருக்கும். கண்ணால் பார்த்து, தொடர்ச்சியாக அழுத்துங்கள். ட்ரைபொட் வேண்டாம், எஞ்சின் அதிர்வு தளம் முழுக்க இருக்கும். ஷட்டர் வேகம் 1/500 விநாடி என்றால் நிம்மதி.

அப்புறம், ஏசிக் கடையிலிருந்து காலி வீதிக்கு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே? அங்கே குளிர்ந்த மேல்தளத்திலிருந்து சூடான அறைக்குள் வரும்போது லென்ஸுக்கு அதே கதிதான். உள்ளே வருமுன் கமராவை ஸிப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். படம் பார்க்க அவசரமா? மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிவிடுங்கள்.