ரொறன்ரோவில் முதல் வருடம்: சோறு கறியைக் கைவிடத் தேவையில்லை

வந்திறங்கிய முதல் கிழமையிலேயே சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார்கள்: "இனி இங்கத்தச் சாப்பாட்டுக்குப் பழகுங்கோ." இந்தப் புத்திமதியை மட்டும் கேட்க வேண்டாம். ஸ்காபரோவில் கனகாலமாக இருக்கிறேன். வந்த புதிதில் இரவு வேலைக்குப் போய் நூடில்ஸ், பீட்சா, சோடா என்று பழகியவர்கள்தான் சில வருடங்களில் மருந்துப் பெட்டியோடு திரிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சமையலில் குறை இல்லை. அளவில்தான் இருக்கிறது.

கனடா அரசின் உணவு வழிகாட்டி 2019இல் புதுப்பிக்கப்பட்டது. முன்பு எதை எத்தனை தடவை சாப்பிட வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லுவார்கள். இப்போது ஒரு தட்டின் படம் மட்டும்தான். பாதித் தட்டுக்கு மரக்கறியும் பழமும், கால்வாசிக்கு முழுத் தானியம், மற்றக் கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு, இறைச்சி போன்ற புரதம். குடிக்கத் தண்ணீர்.

இனி உங்கள் மத்தியானத் தட்டைப் பாருங்கள். நடுவில் சோறு குவிந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு கரண்டி பருப்பு, ஒரு கரண்டி கத்தரிக்காய், இரண்டு துண்டு மீன், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கீரை. அரசாங்கம் சொல்லுகிற எல்லாமே அதில் இருக்கிறது, பங்குதான் தலைகீழ். ஆகவே தட்டில் போடுகிற ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் கீரை, போஞ்சிப் பிரட்டல், வல்லாரைச் சம்பல் என்று பாதியை நிரப்புங்கள். பிறகு மீனோ பருப்போ கடலைக் கறியோ. மிச்ச இடத்துக்குத்தான் சோறு. முதல் சில நாள் வயிறு நிரம்பாதது போல இருக்கும். அப்போது இரண்டாம் தடவை மரக்கறியைப் போடுங்கள், சோற்றை வேண்டாம். உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் நான் சோற்றோடுதான் எண்ணுவேன். இடியப்ப நாள்களில்தான் பலர் கோட்டை விடுகிறோம்: சொதியும் சம்பலும் மட்டும் வைத்தால் அதில் மரக்கறி எங்கே? சொதிக்குள்ளேயே ஒரு பிடி கீரையோ முருங்கையிலையோ போடலாம்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் நீரிழிவு. தெற்காசியர்களுக்கு அது மற்றவர்களைவிட இளவயதில், அவ்வளவு பருமன் இல்லாமலே வந்துவிடுகிறது. எங்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரையும் பெண்களில் 80ஐயும் தாண்டினாலே கவனம் தேவை. குடும்ப மருத்துவர் கிடைத்ததும் சீனிச் சோதனை பற்றி நீங்களே கேளுங்கள்.

கடைக்குப் போனால் பொதியின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். அதன் மேல் வரியில் எவ்வளவு அளவுக்கு இந்தக் கணக்கு என்று எழுதியிருக்கும். முழுப் பொதிக்கும் அது என்று நினைத்துவிடாதீர்கள். வலது பக்கத்தில் நூற்றுவீதம், ஒரு நாளைக்குரிய அளவில் இது எத்தனை பங்கு என்று. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கொஞ்சம், 15 அல்லது அதற்கு மேலே என்றால் கனக்க. உப்புக்கு 'சோடியம்' என்ற வரி. கொழுப்பில் 'சச்சுரேட்டட்', அதாவது நிறைவுற்ற கொழுப்பு, என்ற வரி. 355 மில்லிலீற்றர் கோலா ரின்னைத் திருப்பிப் பாருங்கள்: ஏறத்தாழ 40 கிராம் சீனி, அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு தேத்தண்ணிக்குப் பத்துக் கரண்டி சீனி போடுவீர்களா? சோடியம், சீனி, சச்சுரேட்டட் கொழுப்பு அதிகமுள்ள பல பொதிகளில் முன்பக்கத்திலேயே பூதக்கண்ணாடிப் படம் போட வேண்டும் என்பது 2026 சனவரி முதல் சட்டம். அது இருந்தால் நின்று யோசியுங்கள். பழச்சாறு வாங்கும்போது 'ஜூஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'டிரிங்க்', 'கொக்டெயில்' என்றிருந்தால் அது பெரும்பாலும் சீனித் தண்ணீர்தான். பாண் வாங்குகையில் 'மல்ட்டிகிரெயின்' என்ற சொல்லில் மயங்காமல், சேர்மானப் பட்டியலில் முதலாவதாக 'ஹோல் கிரெயின்' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். பட்டியல் நிறை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரும்.

திகதியிலும் ஒரு பொறி உண்டு. மாதத்தை இரண்டு எழுத்தில் போடுவார்கள், ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக. 'எம்ஆர்' என்றால் மார்ச், 'எம்ஏ' என்றால் மே. வந்த புதிதில் நான் மே மாதத் தயிரை மார்ச் என்று நினைத்து, பிள்ளைகள் ஆசையாகக் கேட்ட நான்கு டப்பாவையும் கொட்டினேன். காசை எண்ணி எண்ணிச் செலவழித்த நாள்கள், இன்றைக்கும் மனம் பொறுக்காது. இன்னொன்று, 'பெஸ்ட் பிஃபோர்' என்பது திறக்காத பொதியின் தரத்தைப் பற்றியது. அந்த நாள் கடந்த உடனே சாப்பாடு நஞ்சாகிவிடாது. குழந்தைப் பால்மா போன்ற சிலவற்றில் இருக்கும் காலாவதித் திகதி வேறு, அதை மீறக் கூடாது.

குளிர்காலத்தில் பச்சை மரக்கறி விலை ஏறும். அப்போது உறைந்த மரக்கறி வாங்க யோசிக்க வேண்டாம். பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைப்பதால் சத்து நன்றாகவே நிற்கும். உப்போ சோஸோ சேர்க்காத பொதியாகப் பாருங்கள். கீரை, போஞ்சி, பட்டாணி, தமிழ்க் கடையில் முருங்கையிலை, எல்லாம் பிரீசரில் கிடக்கும். தேங்காய்ப்பூவும் கிடைக்கும், அதில் மட்டும் கை அளவாக இருக்கட்டும். முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சொதி வைத்தாலும் ருசி கெடாது.

வெயில் குறைந்த மாதங்களில் விற்றமின் டி பெரிய பிரச்சினை, எங்கள் நிறத் தோலுக்கு இன்னும் கூட. இங்கே பசுப்பாலில் அதைச் சேர்க்கிறார்கள். 9 முதல் 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு வேண்டும், 70 தாண்டினால் 800. ஐம்பதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு 400 அலகு மாத்திரை சேர்த்துக்கொள்ள அரசே சொல்லுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் நாள்தோறும் 400 அலகுத் துளி வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த பெண்கள் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

சமைத்த சோற்றை இரவு முழுக்க அடுப்பின் மேல் விடாதீர்கள். ஹீட்டர் போட்ட அபார்ட்மென்ட்டில் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கிவிடும், பிறகு சோற்றைச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தட்டையான பாத்திரத்தில் பரப்பி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜ் 4 பாகை அல்லது அதற்குக் கீழே.

பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டியில் கச்சானும் கஜுவும் வைக்கும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். பல வகுப்புகளில் ஒவ்வாமை காரணமாக அனுமதி இல்லை. தோசையோ புட்டோ கொண்டுபோனதற்காகப் பிள்ளை வெட்கப்பட்டால் அதைக் கேலி செய்யாமல் உட்கார வைத்துக் கதையுங்கள். அந்த வெட்கத்தில்தான் பல வீடுகளில் நல்ல சாப்பாடு நின்றுபோயிருக்கிறது.

ஒன்ராரியோ மாகாணத்தின் சுகாதாரத் தொலைபேசிச் சேவையான 811க்கு அழைத்தால் பதிவுபெற்ற உணவு நிபுணரிடம் காசு இல்லாமல் கதைக்கலாம். ஆங்கிலம் வரவில்லை என்றால் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கதைக்கும்போது "மூன்று அகப்பைச் சோறு, ஒரு கரண்டி பருப்பு" என்று உங்கள் வீட்டு அளவிலேயே சொல்லுங்கள்.