பழைய நீராலைத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஆற்றுத்தண்ணீரில் சக்கரம் சுழன்ற பழைய ஆலைகள் இன்னும் நிறைய நிற்கின்றன. செஷயரில், பொலின் ஆற்றங்கரையில் சாமுவேல் கிரெக் 1784-இல் தொடங்கிய குவாரி பேங்க் பஞ்சாலை போலப் பெரியவை சில. ஊரோரத்து மாவு மில்கள் பல. இவற்றில் பல இடங்களில் தோட்டம், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் பராமரிப்பதில் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. அந்த உழைப்பு சில நேரம் கேடாகவும் முடிகிறது. இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான் முக்கியக் காரணம்.

முதல் தவறு, வாய்க்கால் கரையை மொட்டையடிப்பது. அந்தப் புல்லுக்குள்தான் வாட்டர் வோல் என்ற சிறு கொறிவிலங்கு வாழ்கிறது. பார்த்ததும் எலி என்று நினைத்துவிடுவார்கள். மூக்கு மழுங்கலாக, காது ரோமத்துக்குள் மறைந்து, வாலிலும் ரோமம் இருந்தால் அது எலி இல்லை. வளை வாயைச் சுற்றிப் புல் கத்தரித்தது போல மேய்ந்திருக்கும். கடித்துப் போட்ட தண்டுகளின் நுனி சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். இவற்றைக் கண்டால் மெஷினை அணைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அதன் வளையைச் சேதப்படுத்துவது அங்கே குற்றம். ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைகளிலிருந்து தப்பிப் பரவிய அமெரிக்க மிங்க் என்ற வேட்டை விலங்கு அதை ஏற்கெனவே பல ஆறுகளில் துடைத்தெடுத்துவிட்டது. மறைவிடமான புல்லையும் நாமே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வெட்டியே ஆக வேண்டுமென்றால் இந்த ஆண்டு ஒரு கரை, அடுத்த ஆண்டு மறு கரை.

ஹிமாலயன் பால்சம் விஷயம் வேறு. அதைப் பிடுங்கத்தான் வேண்டும். 1839-இல் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தச் செடி நம்ம காசித்தும்பைக்கு நெருங்கிய சொந்தம். முற்றிய காயைத் தொட்டால் வெடிக்கும் குணமும் அதே. விதை ஏழு மீட்டர் வரை தெறிக்கும். ஆகவே காய் பிடித்த பிறகு பிடுங்கப் போனால் நாமே விதைத்த மாதிரிதான். பூக்கும் முன்போ, பூக்கத் தொடங்கியதுமோ முடித்துவிட வேண்டும். அரிவாளால் பாதியில் வெட்டுவதும் வீண். அடிக்கணுவுக்கு மேல் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வேர் ஆழமாகப் போகாது, கையாலேயே வரும். இன்னொன்று: வேலையை மேலாற்றிலிருந்து தொடங்குங்கள். கீழே முழுக்கப் பிடுங்கிவிட்டு மேலே விட்டுவைத்தால், அடுத்த வெள்ளம் விதையைக் கொண்டுவந்து இறக்கிவிடும்.

மில் குளத்தை ஒரே மூச்சில் தூர்வாராதீர்கள். தவளை முட்டையிடும் பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பக்கமே போக வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, எடுத்த பாசியை ஓரிரு நாள் கரையிலேயே வைத்தால் பூச்சிகளும் நத்தைகளும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். மதகைத் தன்னிச்சையாகத் தொடவே கூடாது. சட்டென்று மூடினால் கீழ்வாய்க்கால் வற்றி மீன்கள் சேற்றில் சிக்கும். சட்டென்று திறந்தால் வண்டல் பாய்ந்து, குளிர்காலத்தில் டிரவுட் மீன் முட்டையிட்ட கூழாங்கற்களை மூடிவிடும்.

அப்புறம் சுவர். பசுமையான ஐவிக் கொடியை இழுத்துப் பிய்த்தால் பழைய சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து வரும். விழுந்த இடத்தில் சிமென்ட் பூசுவது அதைவிட மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிரும். சுவர் இடுக்கில் வௌவால் தங்கும் இடம் இருந்தால், அன்று வௌவால் இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே எந்தப் பொந்தையும் கேட்காமல் அடைக்காதீர்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடுகட்டும் காலம், வேலிச்செடியிலும் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக பூட்ஸ். ஒரு ஆற்றில் நின்ற பூட்ஸோடு அப்படியே அடுத்த ஆற்றில் இறங்கினால், உள்நாட்டு நண்டுமீனை (கிரேஃபிஷ் என்ற, இறால் போன்ற நன்னீர் உயிரி) கொல்லும் நோயும் கூடவே இறங்கும். சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள்.