நியூயார்க் மாரத்தான்: பாலம் இறங்கும்போது நடக்கும் தவறுகள்

நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்தவர்களிடம் எந்த இடத்தில் கால் விட்டுப்போனது என்று கேட்டால், பெரும்பாலும் ஃபிஃப்த் அவென்யூவைத்தான் சொல்வார்கள். 26 மைலுக்குச் சற்றுக் கூடுதலான பாதையில் 23-வது மைல், சென்ட்ரல் பார்க்கை ஒட்டி நீண்டுகொண்டே போகும் அந்த ஏற்றம். முதல் முறை ஓடியபோது நானும் அங்கேதான் நடக்க ஆரம்பித்தேன். அடுத்த முறை ஓடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஏற்றத்துக்கு வந்து சேரும் முன்பே கால் காலியாகியிருந்தது. ஒவ்வொரு பாலத்தையும் விட்டு இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக நானே அதைச் செலவழித்திருந்தேன்.

இந்த ஓட்டத்தில் மலை என்று எதுவும் கிடையாது, ஐந்து பாலங்கள்தான் மலை. 1970-ல் மாரத்தான் தொடங்கியபோது சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். 127 பேர் கிளம்பி 55 பேர் முடித்தார்கள். 1976-ல் நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டுப் போகும் பாதை வந்தது. ஆறும் கடலும் பிரித்துவைத்திருக்கும் ஊர் அது. ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்து புரூக்ளினுக்கு வெரசானோ பாலம், அங்கிருந்து குயின்ஸுக்கு புலாஸ்கி, பிறகு மன்ஹாட்டனுக்கு குயின்ஸ்பரோ, பிராங்க்ஸுக்கு வில்லிஸ் அவென்யூ, மறுபடி மன்ஹாட்டனுக்கு மேடிசன் அவென்யூ பாலம். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டும். பாலங்களின் மேல் பெரும்பாலும் பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள். இறங்கித் தரையைத் தொட்டதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். உடம்பு லேசாகும் அதே நொடியில் காதும் நிறைந்துவிடுவதால், வேகம் கூடுவது நமக்கே தெரிவதில்லை.

தட்டையான பாதையில் எடுத்த நேரத்தை இங்கேயும் எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. எத்தியோப்பியாவின் டாமிரட் டோலா 2021-ல் தட்டையான ஆம்ஸ்டர்டாம் பாதையில் 2:03:39-ல் முடித்தவர். 2023-ல் நியூயார்க்கில் அவர் ஓடியது 2:04:58. அது இந்தப் பாதையின் சாதனை நேரம்! உலகத்தரமான காலுக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுகிறது என்றால், நான்கு, ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறவர்கள் பல நிமிடங்களை இந்தப் பாதைக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நிமிடங்களைத் தொடக்கத்திலேயே மனமார விட்டுக்கொடுத்துவிடுங்கள். கொடுக்க மறுத்தால் கடைசி ஆறு மைலில் அதைப்போல மூன்று மடங்கு போகும்.

முதல் இரண்டு மைல்

மொத்தப் பாதையிலும் உயரமான இடம் முதல் பாலத்தின் நடுப்பகுதிதான். வெரசானோ 1964-ல் திறக்கப்பட்ட தொங்கு பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,298 மீட்டர். துப்பாக்கி வெடித்ததுமே ஏற ஆரம்பிக்கிறோம். ஏறக்குறைய முதல் மைல் முழுவதும் ஏற்றம், இரண்டாவது மைல் இறக்கம்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. சிலர் முதல் மைலிலேயே இலக்கு பேஸை, அதாவது ஒரு மைலுக்கு இவ்வளவு நேரம் என்று வைத்திருக்கும் கணக்கை, பிடிக்கப் பார்க்கிறார்கள். வாரக்கணக்கில் ஓய்வெடுத்த கால், மாதக்கணக்கில் காத்திருந்த மனசு, சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள். ஏறுகிறோம் என்ற உணர்வே வராது. வளைந்து நெளிந்து முந்திக்கொண்டு போவார்கள். அதை விடுங்கள். முதல் மைல் இலக்கைவிட அரை நிமிடம், ஏன், ஒரு நிமிடம்கூடத் தாமதமானால் பரவாயில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் சரியாகத்தான் ஏறுகிறீர்கள்.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது, ஏனென்றால் அது சுகமாக இருக்கும். உச்சியைத் தாண்டியதும் சாலை தானாக இழுக்கும். கடிகாரத்தைப் பார்த்தால் இழந்த நொடிகள் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கும். “இதைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், பின்னால் உதவும்” என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. இரண்டாவது மைலை இலக்கைவிட 50 நொடி வேகமாக ஓடினேன்.

காலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் அப்படி ஓடியிருக்க மாட்டேன். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும், பிரேக் பிடிப்பதுபோல. அப்படி நீளும் நிலையில் பளு ஏறினால் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. நெஞ்சு படபடக்காது, மூச்சும் வாங்காது, அதனால் செலவாகிறது என்றே தெரியாது. இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து மூச்சு சீராக இருக்கும்போதே தொடை மட்டும் கல்லாகிவிடும். “ஸ்டாமினா இருந்தது, கால்தான் வரவில்லை” என்று பலர் சொல்வது இதைத்தான்.

இறங்கும்போது எட்டு வைக்கும் நீளத்தைக் குறையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், முன்னால் நீட்டிக் குதிகாலை ஊன்ற வேண்டாம். பின்பக்கம் சாய்ந்து பிரேக் போடுவதும் தொடைக்குத்தான் அடி. கணுக்காலிலிருந்து லேசாக முன்சாய்ந்து, சின்னச் சின்ன எட்டுகளாக வேகமாக வைத்தால் அதிர்ச்சி குறையும். மற்றவர்கள் முந்திப் போனால் போகட்டும்.

கடிகாரத்தை நம்புவது

இது பலரை ஏமாற்றுகிறது. பாதை நெடுக மைல் கணக்கில் பலகை வைத்திருப்பார்கள். கிலோமீட்டர் கணக்கிலேயே பழகியவர்கள் 14-வது மைலில் களைப்போடு மனக்கணக்குப் போட்டுத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே கடிகாரத்தை மைலுக்கு மாற்றிப் பழகிவிடுங்கள். குயின்ஸ்பரோ பாலத்தின் கீழ்த்தளத்தில் ஓடுவதால், தலைக்கு மேல் இரும்பும் மேல்தளமும் மறைத்து, ஜிபிஎஸ் அங்கே குழம்பும். மன்ஹாட்டனில் உயரக் கட்டடங்களும் அதைக் குழப்பும். 42.195 கிலோமீட்டர் என்பது வளைவுகளில் மிகக் குறுகிய வழியில் அளந்தது. அந்த வழியைச் சாலையில் நீலக் கோடாகப் போட்டிருப்பார்கள். கூட்டத்தில் அந்தக் கோட்டிலேயே ஓட முடியாது. கடைசியில் கடிகாரம் அரைக் கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். மைல் பலகை வரும்போது, கடிகாரத்தில் ஒவ்வொரு மைலின் நேரத்தையும் தனியாகப் பதியும் லேப் பொத்தானை நீங்களே அழுத்துவது நல்லது.

இன்னொன்று, ஒவ்வொரு மைலுக்கும் ஒரே பேஸ் என்று அட்டை எழுதிக் கையில் கட்டிக்கொள்வது. ஏற்ற இறக்கப் பாதையில் உழைப்பு ஒரே சீராக இருந்தால் நேரம் ஏறி இறங்கத்தான் செய்யும். நேரத்தை ஒரே சீராக வைத்தால் உழைப்பு தாறுமாறாகிவிடும். அட்டை வேண்டுமென்றால் பாலம் வரும் மைல்களுக்குத் தனியாக நேரம் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் இரண்டாம் பாதிதான் கடினம், அதனால் அது சில நிமிடம் கூடுவதையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

குயின்ஸ்பரோவும் ஃபர்ஸ்ட் அவென்யூவும்

புலாஸ்கி சின்னப் பாலம், சரியாகப் பாதித் தூரத்தில் வரும். அதில் பெரிய ஆபத்து இல்லை. உண்மையான சோதனை 15-வது மைலில் தொடங்கும் குயின்ஸ்பரோ.

அதுவரை புரூக்ளினின் ஆரவாரத்தில் வந்திருப்போம். சட்டென்று எல்லாம் அடங்கும். கீழ்த்தளத்தில் நிழல், குளிர்ந்த காற்று, ஆயிரக்கணக்கான ஷூக்களின் சத்தம், பக்கத்தில் ஓடுகிறவரின் மூச்சு. ஏற்றம் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் முடியவே முடியாது. பலர் இங்கே மனம் தளர்ந்து, “எனக்கு ஏதோ ஆகிவிட்டது” என்று பயந்துவிடுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை, பாலம் ஏறுகிறீர்கள், அவ்வளவுதான். பார்வையைப் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் வைத்து எட்டைச் சுருக்குங்கள். கொஞ்சம் நடக்க வேண்டுமானால் ஓரமாக வந்து நடங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு நடுவில் திடீரென்று நின்றுவிடாதீர்கள்.

பாலத்தின் கடைசியில் இறக்கம், ஒரு திருப்பம், அப்புறம் ஃபர்ஸ்ட் அவென்யூ. இருபுறமும் அடுக்கடுக்காக மக்கள். பாலத்தின் முனைக்கு வரும்போதே அந்த இரைச்சல் கேட்கும். எனக்கு உடம்பு சிலிர்த்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் தோற்றதும் அங்கேதான். 17, 18-வது மைல்களைப் புதிதாகக் கிளம்பியவன் மாதிரி ஓடினேன். அகலமான நேர்ச் சாலை, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். அது நேராக இருப்பதால் தட்டை என்று நினைத்துவிடுகிறோம். அதுவும் லேசாக ஏறி இறங்கித்தான் போகிறது. இன்னும் ஒன்பது, பத்து மைல் மிச்சம்.

அடுத்த முறை ஒரு விதி வைத்துக்கொண்டேன். பாலத்தை விட்டு இறங்கியதும் முதல் பத்து நிமிடம் என்னை யாரும் முந்தலாம். சக்திக்காகச் சாப்பிடும் எனர்ஜி ஜெல்லை அப்போது எடுத்துக்கொள்வேன், தண்ணீர் குடிப்பேன், தோளைத் தளர்த்துவேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் கால் அவசரப்படாது. கூட்டத்தின் உற்சாகத்தை ரசிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் பலரும் இந்த ஊருக்கு ஓட வருகிறார்கள். சிரியுங்கள், கையசையுங்கள், கால் மட்டும் பழைய தாளத்திலேயே போகட்டும்.

பயிற்சியில் விட்டுப்போவது

ஏற்றப் பயிற்சி என்றால் வேகமாக மேலே ஓடுவது, நடந்து கீழே வருவது என்று பலரும் செய்கிறார்கள். அது பாதிப் பயிற்சிதான். இறக்கத்தில் ஓடிப் பழகாத தொடையை நேராகப் போட்டிக்குக் கொண்டுவருவதே இந்த மாரத்தானில் நடக்கும் பெரிய பிழை என்பது என் கருத்து. நல்ல செய்தி என்னவென்றால் தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, அடுத்த முறை அதே பளுவுக்கு அவ்வளவு சேதமாகாது, அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும். மிதமான சரிவில், மிதமான வேகத்தில், பத்து நாளைக்கு ஒருமுறை இறங்கி ஓடினால் போதும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வேண்டாம். லாங் ரன்னில், அதாவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்தில், ஏற்றம் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வரும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். புத்துணர்ச்சியோடு ஏறுவதும், 30 கிலோமீட்டருக்கு அப்புறம் ஏறுவதும் வேறு வேறு வேலை. மேடே இல்லாத ஊர் என்றால் டிரெட்மில்லில் சரிவு வைக்கலாம், மேம்பாலத்தில் போய்வரலாம். டிரெட்மில்களில் பெரும்பாலும் இறக்கம் கிடையாது, அதற்கு மேம்பாலம்தான் சரி.

காலையில் காத்திருக்கும்போது

படகிலோ பேருந்திலோ ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போய், நவம்பர் மாதக் குளிரில் திறந்தவெளியில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரவே சாப்பிட்டாயிற்று என்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஓடுபவர்களைக் குழு குழுவாகத்தான் கிளப்பிவிடுவார்கள், உங்கள் குழு (வேவ்) கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு உணவை எடுத்துப்போங்கள். பழைய ஸ்வெட்டர், கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கழற்றிவிடும் துணிகளைச் சேகரித்துத் தானமாகக் கொடுக்கிறார்கள். மணிக்கணக்கில் நிற்காமல் எதையாவது விரித்து உட்காருங்கள், ஈரம் ஏறாத ஷீட்டாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் அந்த இரவில்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அந்தக் கூடுதல் மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

20-வது மைலுக்கு அப்புறம்

வில்லிஸ் அவென்யூ பாலமும் மேடிசன் பாலமும் உயரமில்லாதவைதான். ஆனால் 20, 21-வது மைலில் வருவதால் மலைபோலத் தெரியும். இவற்றில் இழந்ததை மீட்க வேகமெடுக்காதீர்கள். ஃபிஃப்த் அவென்யூ ஏற்றம் காத்திருக்கிறது, அது பூங்காவுக்குள் திரும்பும் 90-வது தெரு வரை விடாது. குறுக்குத் தெரு எண்களை எண்ணிக்கொண்டே போனது எனக்கு உதவியது. 110, 109, 108 என்று இறங்கிவரும் எண்கள், ஏறும் காலுக்கு ஒரு பிடிமானம். பூங்காவுக்குள் வரும் இறக்கங்களில் தொடை கதறும். அப்போதும் சின்ன எட்டுதான்.

1994-ல் மெக்சிகோவின் ஜெர்மான் சில்வா முன்னணியில் இருந்தபோது, முடிவுக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரமே மிச்சம் இருக்க, தவறான இடத்தில் பூங்காவுக்குள் திரும்பிவிட்டார். தெரிந்ததும் திரும்பி ஓடிவந்து, தன் நாட்டுக்காரரான பெஞ்சமின் பரேடஸைப் பிடித்து, இரண்டே நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தவற்றைத் திருத்த அவருடைய காலில் இன்னும் மிச்சம் இருந்தது.

முடிவுக் கோடும் மேட்டில்தான் இருக்கிறது. கடைசிச் சில நூறு மீட்டர் லேசாக ஏறும். பதக்கம் வாங்கிய பிறகு பூங்காவை விட்டு வெளியேற நீண்ட நேரம் நடக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எழுவது கஷ்டம், மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், கொடுக்கும் போர்வையை உடனே போர்த்திக்கொள்ளுங்கள். வீட்டாரைக் கோட்டுக்குப் பக்கத்தில் வரச் சொல்லாமல், பூங்காவிலிருந்து சில தெரு தள்ளிச் சந்திக்கச் சொல்லுங்கள். சப்வே படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள்.